மாத்திரையால் வயிறு புரளும்போது: கஞ்சியிலிருந்து வழக்கமான சாப்பாடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஆத்தாவுக்கு மூட்டுவலி வந்த பிறகு, விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, எங்கள் செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றமான வளவில் உட்கார்ந்து, ஒரு குவளைக் காப்பியோடு வலி மாத்திரையைப் போட்டுக்கொள்வது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. சீட்டில் சாப்பாட்டுக்குப் பின் என்றுதானே எழுதியிருக்கிறது என்று கேட்டால், “காப்பி குடிச்சிட்டுத்தானே போடுறேன், வெறும் வயிறா என்ன?” என்பார்கள். காலைப் பலகாரம் ஒன்பது மணிக்குத்தான். அந்த நான்கு மணி நேரமும் காப்பியும் மாத்திரையும் மட்டுமே வயிற்றில் கிடந்தன. சில வாரங்களில் மேல்வயிற்றில் எரிச்சல் தொடங்கியது. அதற்குப் பாலைக் குடித்தார்கள், மோரைக் குடித்தார்கள், எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. மலம் தாரைப் போலக் கறுத்துப் போகிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்ன பிறகே மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண் தெரிந்தது.

அதன்பின் பல மாதங்கள் அவர்களுக்குச் சமைத்தபோதும், மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் கேட்டுக்கேட்டுத் தெளிந்தபோதும் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். வயிற்றுக்கு இதமான உணவு எது என்பதை அடுப்படியில் மட்டும் முடிவு செய்ய முடியாது. எந்த மாத்திரை, எந்த நேரம், என்ன தொல்லை என்ற மூன்றையும் கேட்ட பிறகே உலையை வைக்க வேண்டும். ஒரு மாத்திரைக்கு ஆறுதலாக இருக்கும் தயிர் இன்னொரு மாத்திரையை வேலை செய்ய விடாமல் கெடுத்துவிடும்.

முதற்படி: சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு மாத்திரையை அறிந்துகொள்ளுங்கள்

வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு தட்டில் கொட்டி, எது எந்த நோய்க்கு, எது எப்போது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரையையும் இதில் சேர்த்தே எழுத வேண்டும், ஏனெனில் பெரும்பாலும் தொல்லை தருவது அதுதான்.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள், இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்தைச் சுரக்கச் செய்கிற புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைக் குறைத்துவிடுகின்றன. வலி குறைவதும் அதனால்தான், வயிறு புண்ணாவதும் அதனால்தான். இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்: சாப்பிட்ட பிறகு போட்டால் எரிச்சல் குறையுமே தவிர, புண் வராது என்ற உறுதி கிடையாது. மாத்திரை இரத்தத்தில் கலந்த பிறகும் அந்தக் காப்புப் பொருளைக் குறைத்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே 65 வயதைக் கடந்தவர்களும், முன்பு புண் வந்தவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் கஞ்சியைக் கவசமாக நம்பாமல், இரைப்பையைக் காக்கும் மாத்திரை தமக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் குமட்டலும் வயிற்றுப்போக்கும் உப்புசமும் வாயில் உலோகச் சுவையும் தரக்கூடியது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன, கொண்டுவரும் பணியாளரிடமே “இதைச் சாப்பாட்டோடு போடணுமா?” என்று கேட்டுவிடலாம். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டின் நடுவிலோ முடிந்த கையோடோ விழுங்குவது நல்லது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தொல்லை தானே அடங்கும். அடங்காவிட்டால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்ற முடியும் என்பதால், தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஆன்டிபயாடிக் மருந்துகள் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளையும் சேர்த்து அழிப்பதால் வயிறு இளகும். அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை முதல் கவளத்தோடு எடுத்தால் வயிறு அதிகம் புரளாது. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளைக் காலை உணவோடு எடுப்பதே வழக்கம். இரும்புச்சத்து மாத்திரை வெறும் வயிற்றில்தான் நன்றாக உடம்பில் சேரும் என்றாலும், குமட்டல் பொறுக்க முடியாதவர்கள் சிறிது உணவோடு எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கு மாறாக, வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட மருந்துகளும் உண்டு. தைராய்டு மாத்திரையைக் காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் தண்ணீரோடு மட்டும் விழுங்க வேண்டும். எலும்புத் தேய்வுக்குத் தரும் அலெண்ட்ரோனேட்டும் அப்படியே. அதை விழுங்கிய பின் அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ எடுப்பது. இவற்றால் வயிறு கெடுகிறது என்றால் நீங்களாகக் கஞ்சியோடு சேர்த்துவிடாதீர்கள், மருந்து தந்தவரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஆறுதலுக்குத் தருவதே மருந்தைக் கெடுக்கிறதா என்று பாருங்கள்

வயிறு எரிந்தால் பால், வயிறு இளகினால் தயிர் என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். பால் இறங்கும்போது இதமாகத்தான் இருக்கும். ஆனால் அதிலுள்ள புரதமும் கால்சியமும் சற்று நேரத்தில் அமிலத்தை மறுபடி தூண்டிவிடும். அதைவிட முக்கியம், டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை அந்தக் கால்சியம் பற்றிக்கொண்டு உடம்பில் சேர விடாது. எனவே இவற்றை எடுக்கும் நாட்களில் மாத்திரைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் பால், தயிர், கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை எதுவும் வேண்டாம். சிப்ரோஃப்ளாக்சசின் என்றால் இவற்றை உட்கொண்ட பின் இன்னும் அதிக இடைவெளி தேவைப்படும் என்பதால், கடையிலேயே நேரத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்ஸிசைக்ளினை முழுத் தம்ளர் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கிவிடும்.

தைராய்டு மாத்திரைக்கும் காப்பிக்கும் ஆகாது. இரும்பு மாத்திரைக்குத் தேநீரும் காப்பியும் பாலும் ஆகா, எலுமிச்சைச் சாறு நல்லது. மாத்திரையை வாழைப்பழத்துக்குள் பொதிந்து விழுங்கும் பழக்கம் நம் பக்கத்துப் பெரியவர்களிடம் உண்டு. உணவோடு எடுக்கும் மாத்திரைக்கு அதில் பெரிய குற்றமில்லை, வெறும் வயிற்று மாத்திரைக்கு மட்டும் அதைச் செய்யக் கூடாது. மெதுவாகக் கரையும் மாத்திரைகளையும், குடலில் கரையும்படி மேலுறை இட்ட மாத்திரைகளையும் பொடித்துக் கஞ்சியில் கலக்கக் கூடாது. வயிற்றைக் காப்பதற்காகவே போட்ட உறையை நாமே உடைத்ததாகிவிடும்.

மூன்றாம் படி: முதல் சில மணி நேரம் நீர் வகைகள் மட்டும்

வாந்தி எடுத்த உடனே எதையும் கொடுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் வயிற்றை விட்டுவிடுங்கள். பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டி என்ற கணக்கில் தண்ணீர் கொடுத்து, அது தங்கினால் அளவைக் கூட்டலாம். தாகமாக இருக்கிறது என்று ஒரு சொம்பு நீரை ஒரே மூச்சில் குடித்தால் அது அப்படியே வெளியே வரும்.

வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசலே முதல் மருந்து. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தவர்களை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்த எளிய கரைசலைக் கொண்டு காப்பாற்றினார் என்பதை நினைத்தால், இதை ஏளனமாகப் பார்க்கத் தோன்றாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதன் மேல் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுமையாகக் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தில் பாதியைத் தம்ளரில் கலக்குவது தவறு. பொட்டலம் இல்லாத நேரத்தில், கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கரைக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து, ஆகவே கைக்கணக்கு வேண்டாம்.

குமட்டல் மட்டும் என்றால், இரண்டு மூன்று வில்லை இஞ்சியைத் தட்டி ஒரு தம்ளர் நீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாகச் சிறுகச் சிறுகக் குடிக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் இஞ்சியைச் சமையலில் சேர்க்கும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நான்காம் படி: நொய்க்கஞ்சி

வாந்தி நின்று நான்கைந்து மணி நேரம் நீர் தங்கிய பிறகு கஞ்சிக்கு வரலாம். அவசரத்தில் குக்கரில் வைத்த சோற்றை மிக்சியில் அடித்துத் தருவதைப் பார்க்கிறேன். அது பசையாகுமே தவிரக் கஞ்சியாகாது. கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள்.

அரைத் தம்ளர் நொய்யரிசியை எண்ணெய் இல்லாமல், வாசம் வரும்வரை, நிறம் மாறாமல் வறுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு மேசைக்கரண்டிப் பாசிப்பருப்பையும் லேசாகச் சூடுகாட்டிச் சேர்த்துக் கழுவுங்கள். கனமான அடியுள்ள பாத்திரத்தில் ஐந்து தம்ளர் தண்ணீர் கொதித்த பிறகு இதைப் போட்டு, கால் தேக்கரண்டிச் சீரகம் சேர்த்து, தீயைக் குறைத்து, அரைமணி முதல் முக்கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரண்டியால் அடியைத் தடவிக் கிளறினால் போதும். அரிசி விரிந்து, மணி உடைந்து, மேலே பால்போன்ற ஆடை படரும். கரண்டியின் பின்புறத்தில் விரலால் கோடு இழுத்தால் அந்தக் கோடு மெல்ல மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் பதம். உப்பை இறக்கும்போது போடுங்கள்.

முதல் வேளைக்கு மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் அரைத் தம்ளர் எடுத்துக் கொடுங்கள். அடுத்த வேளைக்குக் கலக்கி ஒரு கிண்ணம். ஆத்தாவுக்கு நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிய கிண்ணத்தில் கொடுத்து வந்தேன். நிறைத்துக் கொடுத்த அன்று உப்புசமும், குறைத்துக் கொடுத்த அன்று நிம்மதியும் கண்டோம். கஞ்சியைச் செய்து வைத்துவிட்டு நாள் முழுவதும் சூடுபண்ணிக்கொண்டிருக்காதீர்கள். வெந்த அரிசி வெளியில் நெடுநேரம் கிடந்தால் அதில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. இரண்டு வேளைக்கு மட்டும் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: கட்டியான உணவுக்குத் திரும்புதல்

செட்டிநாட்டுச் சமையல் என்றால் மிளகாயும் மசாலாவும் என்று வெளியூரில் எண்ணுகிறார்கள். விருந்தையும் உணவகத்தையும் பார்த்துச் சொல்வது அது. வீட்டில் அன்றாடம் நடப்பது வேறு. பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரருக்கும் ஆக்கிப்போட்ட பத்தியச் சாப்பாடு நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

அவற்றில் என் முதல் தேர்வு இடியாப்பம். எண்ணெய் இல்லை, புளிப்பு இல்லை, ஆவியில் வெந்தது, வாயில் போட்டாலே கரைவது. ஆனால் அதோடு ஊற்றும் தேங்காய்ப்பாலைச் சில நாள் தள்ளி வையுங்கள், ஏனெனில் கொழுப்பு மிகுந்தது எதுவும் இரைப்பையில் அதிக நேரம் தங்கிக் குமட்டலைக் கூட்டும். வெந்நீரில் லேசாக நனைத்து, ஒரு சிட்டிகை உப்பும், பாசிப்பருப்பை வேகவைத்துக் கடைந்த நீரும் ஊற்றிப் பிசைந்தால் போதும். இட்லியும் நல்லது, ஆனால் மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் கூடாது.

மதியத்துக்குக் குழைந்த சோறும், மிளகாயும் புளியும் இல்லாத பருப்புத் தண்ணீரும், பீர்க்கங்காய், சுரைக்காய், புடலங்காய், பூசணி ஆகியவற்றில் ஒன்றைச் சீரகம் மட்டும் போட்டு வேகவைத்த கூட்டும் வைக்கலாம். வயிறு தேறிய பின் ஒரு வேகவைத்த முட்டையோ, எண்ணெய் இல்லாமல் வேகவைத்த மீனோ புரதத்துக்கு உதவும். வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் எண்ணெயில் பொரித்தவை, கும்மாயம் நெய்யும் உளுந்துமாகக் கனத்தது, அரிசி கழுவிய நீரில் காய்கறி போட்டு வைக்கும் மண்டியில் புளி அதிகம். இவை எல்லாம் நலமான பிறகு.

ஆறாம் படி: தொல்லைக்கு ஏற்ப மாற்றுங்கள்

குமட்டல் இருப்பவருக்கு வாசனையே எதிரி. தாளிக்கும் புகை எட்டாத இடத்தில், முகப்பில் காற்றோட்டமாக உட்காரவைத்து, ஆறிய உணவாகக் கொடுங்கள். சூடான சோற்றின் ஆவியைவிட ஆறிய இட்லி ஓங்கரிப்பை அடக்கும். நெற்பொரியோ உப்பு பிஸ்கட்டோ ஒன்றிரண்டு கடித்தபின் எழுந்திருப்பது காலைக் குமட்டலுக்கு உதவும்.

எரிச்சல் இருப்பவர் காப்பி, புளி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை விலக்கி, இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விட வேண்டும். நெஞ்சுக் கரிப்பு உள்ளவருக்குப் புதினாவும் சிலசமயம் கூடுதல் தொல்லை தரும்.

வயிறு இளகியிருந்தால் கஞ்சி, வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, ஜவ்வரிசிக் கஞ்சி. மாத்திரைக்கு ஆகுமென்றால், இரண்டு மணி நேரம் கழித்துப் புளிக்காத வீட்டுத் தயிரைக் கடைந்த மோர். இதற்கு நேர்மாறாக, இரும்பு மாத்திரையாலோ கடுமையான வலி மாத்திரையாலோ மலம் இறுகினால் இந்தக் கஞ்சியையே தொடர்ந்து குடிப்பது தவறு. தண்ணீரும் கீரைத் துவட்டலும் பழமும் நடையும் வேண்டும். வாயில் உலோகச் சுவை என்றால் சாப்பிடும் முன் உப்புநீரில் கொப்பளிப்பதும் சில துளி எலுமிச்சையும் கைகொடுக்கும்.

ஏழாம் படி: இதமான உணவும் யாருக்கு ஆகாது

சர்க்கரை நோயாளிக்கு நொய்க்கஞ்சி விரைவில் சர்க்கரையை ஏற்றும். பாசிப்பருப்பைக் கூட்டி, அளவைக் குறைத்து, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு கொடுக்க வேண்டும். ஆனால் அவர் இன்சுலினோ சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரையோ எடுத்துவிட்டு, வாந்தியால் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால், சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியம் நிறைந்தவை. சிறுநீரகம் பழுதானவர்களும், ஸ்பைரோனோலாக்டோன், டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற இரத்த அழுத்த, இதய மாத்திரைகளை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை அளவின்றிக் குடிக்கவோ உண்ணவோ கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவருக்குக் கஞ்சியோடு ஊறுகாயும் அப்பளமும் வைப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதுதான். வார்ஃபரின் எடுப்பவர் கீரையைத் திடீரெனக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவருக்கு நோயெதிர்ப்புத் திறன் தாழ்ந்திருக்கும். அவருக்குப் பழைய சோறும் வெட்டிவைத்த பழமும் வேண்டாம், எல்லாம் அப்போதே சமைத்ததாக இருக்கட்டும்.

எப்போது கஞ்சியை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்

வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற துகளோ வந்தால், மலம் தார்போலக் கறுத்துப் பிசுபிசுத்தால், மேல்வயிற்றில் திடீரெனக் கத்தி குத்துவது போல வலித்தால், உடனே 108-ஐ அழையுங்கள். இரும்பு மாத்திரை எடுப்பவருக்கும் மலம் கறுக்கும், ஆனால் அது பிசுபிசுப்பும் துர்நாற்றமும் இல்லாத கறுப்பு. ஐயமாக இருந்தால் காட்டிவிடுவதே சரி. கண் மஞ்சளானால், உடம்பில் தடிப்பு வந்தால், ஒரு நாளாகச் சிறுநீர் குறைந்தால், ஆன்டிபயாடிக் எடுக்கும்போதோ முடித்த சில வாரங்களுக்குள்ளோ நீராக அடிக்கடி போனால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். போட்ட மாத்திரை வாந்தியோடு வந்துவிட்டால் மறுபடி போடலாமா என்பது மருந்துக்கு மருந்து மாறும். 104 என்னும் மருத்துவ ஆலோசனை எண்ணை அழைத்தோ மருந்தாளுநரைக் கேட்டோ செய்யுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், வலிப்பு, காசநோய் ஆகியவற்றுக்கான மாத்திரையை வயிற்றைக் காரணம் காட்டி நீங்களே நிறுத்தாதீர்கள்.

வழக்கமான சாப்பாட்டுக்கு

இரண்டு நாள் வயிறு அமைதியாக இருந்தால், ஒரு நாளைக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே வரலாம். முதலில் மிளகும் சீரகமும் தட்டிய ரசம், அதிலும் புளி பெயருக்கு மட்டும். பிறகு தாளிதம், பிறகு தேங்காய், அடுத்துப் பருப்போடு வைத்த இளங்குழம்பு, அதன்பின் மிளகாய், கடைசியில் வறுவலும் பொரித்த பலகாரமும். எதைச் சேர்த்த அன்று தொல்லை திரும்புகிறதோ, அந்த இடத்தில் நின்று இரண்டு நாள் பின்வாங்குங்கள். முதற்படியில் தொடங்கிய நோட்டில் மாத்திரையின் பெயர், போட்ட நேரம், அதற்கு முன் உண்டது, பின்பு வயிறு இருந்த நிலை என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லத் தடுமாற வேண்டியதில்லை. ஆத்தாவின் நோட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் வலி மாத்திரையை நிறுத்தி வேறொன்று எழுதினார், அதைக் காலைப் பலகாரத்துக்குப் பிறகு என்று நேரமும் குறித்துத் தந்தார். விடியற்காலைக் காப்பி இப்போதும் உண்டு. அதோடு இரண்டு இட்லியும் ஐந்தரை மணிக்கே தயாராகிவிடுகிறது.